அறுநூறு சுற்று

பேசுகிறவர்கள் ‘ஆனால்’ சொல்லுமுன் இழுக்கிற
மூச்சை வெட்டி எடுப்பது என் வேலை.
நிமிடத்துக்கு ஒன்பது ரூபாய்.
எச்சில் விழுங்குவது, நாற்காலி முனகுவது,
எங்கோ யாரோ குக்கர் வைத்தது
எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு அழிக்கிறேன்.
அழியாதது ஒன்றுதான்:
முழங்காலுக்குப் பக்கத்தில் இரைகிற
என் சொந்தக் கணினி.

ஆரல்வாய்மொழியில் இருந்துகொண்டு
காற்றுச் சத்தம் என்று புகார் சொல்பவளை
யார் நம்புவார்?
ஆனியில் இங்கே கொடியில் சேலை நிற்காது.
கணவாய் வழி வருகிற காற்று
கூரைத் தகரத்தை ஒவ்வொன்றாய்
எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் போகும்.
அதைக் கதவடைத்துத் தடுக்கலாம்.
பெட்டிக்குள் இருக்கிற சின்னக் காற்றை?

கோட்டாறில் பீர்கண்ணு கடை.
இரண்டு பொருளை மேசையில் வைத்தார்.
“தண்ணி வச்சதாக்கும் இது.
சத்தமே இருக்காது பாத்துக்கிடுங்க. வெல இரட்டி.”
கறுப்புக் குழாய் இரண்டு, குட்டிப் பம்பு,
ஓரத்தில் தகட்டு வேலி, அதன்மேல் மூன்று விசிறி.
தண்ணீர் இருக்கும்போது விசிறி எதற்கு என்றேன்.
“தண்ணி சூட்டக் கொண்டு போவும்.
கொண்டு போன சூட்ட எங்க கொட்டும்?
காத்துலதான்.”

மற்றது செங்கல் மாதிரி கனம்.
அலுமினியத் தகடுகள் புத்தகமாய் அடுக்கி
ஊடே ஆறு செம்புக் குழல்.
“இதுல தண்ணி கெடையாதுல்லா?”
சிரித்தார்.
“குழலுக்குள்ள ரெண்டு சொட்டு உண்டும்.
சூடு பட்டா ஆவியாயிப் போவும்,
குளுந்தா திரும்பி வரும்.
தள்ளிவிட ஆளு வேண்டாம்.”

தண்ணீர் வாங்கினால் காற்றும் வரும்,
காற்று வாங்கினால் தண்ணீரும் வரும்.
இதற்கா மூன்று வாரம்
தூங்காமல் கிடந்தேன்.

ஷட்டரை இறக்கச் சொன்னேன்.
உச்சி வெயிலில் கடையை அடைத்து
மின்விசிறியை நிறுத்தி
கடைப் பையனை “மூச்சு விடாதே லே” என்று மிரட்டி
ஒவ்வொன்றாய் ஓடவிட்டார்.
நான் மைக்கை நீட்டினேன்.

தண்ணீருக்குள் ஒரு கொசு.
ஏறாமல் இறங்காமல் ஒரே சுருதி,
நான் நாள் முழுக்க வெட்டுகிற அதே ரகம்.
மற்றது, வாய் மூடித் தூங்குகிறவரின் மூக்கு.
மீட்டரில் பார்த்தால் மூக்குதான் ஒரு முள் கூட.
ஆனாலும் அரை நிமிடத்தில் காது அதை மறந்துவிட்டது.
கொசுவை பஸ்ஸிலும் கேட்டுக்கொண்டு வந்தேன்.

முப்பந்தலில் காற்றாலை ஏறிக்
கிரீஸ் வைக்கிறவன் ஐவின்.
நகத்தில் கறுப்போடு மீன்முள் எடுத்தபடி சொன்னான்:
“சுத்துறது எல்லாம் தேயும் பிள்ளே.
விசிறி தேஞ்சா எழுநூறு ரூவா, நாலு ஸ்குரூ.
பம்பு தேஞ்சா மொத்தத்தையும் தூக்கிப் போடணும்.
குழம்பு இன்னும் கொஞ்சம் விடு.”

காற்றையே வாங்கினேன்.
பொருத்தினால், பெட்டியைவிட
நான்கு மில்லிமீட்டர் உயரம். பக்கக் கதவு மூடவில்லை.
“அளந்துட்டு வரலியாக்கா?” போனில் பீர்கண்ணு.
அளந்தேன். தையல் டேப்பால்.
கதவின் தடிப்பைக் கழிக்க மறந்தேன்.
ஒன்பது நாள் திறந்த வயிற்றோடு
புழுதி தின்று கிடந்தது,
வேறு பெட்டி வரும்வரை.

இன்று நள்ளிரவு, அறுநூறு சுற்று.
ஹெட்போனைக் கழற்றினேன்.
முதலில் ஒன்றுமில்லை.
பிறகு டியூப்லைட்டின் பின்னால் பல்லி.
பிறகு சுவரையும் சாத்திய சன்னலையும் தாண்டி
வெளியே, மெதுவாய்,
ஓர் இறக்கை, ஓர் இறக்கை, ஓர் இறக்கை.
கல்யாணமாகி ஆறு வருடத்தில்
இதை எண்ணிப் பார்த்ததில்லை நான்.

திரையில் யாரோ ஒருத்தி
‘ஆனால்’ சொல்லப் போகிறாள்.
அதற்குமுன் நீளமாய் ஒன்று இழுக்கிறாள்.
கத்தரியை வைத்தேன், எடுத்தேன், திரும்ப வைத்தேன்.

பாதிதான் வெட்டினேன்.