ஊரிக்காரி

கேதுஷன் இறால் வலைக்குப் போய்
வெறும் வாயோடு திரும்பினான்.
வலையில் இறால் இருந்தது.
காலில் செருப்பு இருந்தது.
குரலைத்தான் காணவில்லை.

போதனா வைத்தியசாலையில் டோர்ச் அடித்துப் பார்த்த டொக்டர்
"தொண்டையில் ஒன்றுமில்லை" என்றார்.
உண்மைதான்.
ஒன்றுமே இல்லை.

கட்டாடியார் ஏழு தேசிக்காய் வெட்டினார்.
ஏழாவதற்குள் வாவித் தண்ணீர் இருந்தது,
ஒரு மீன்குஞ்சோடு.
கத்தியைத் துடைத்து மடியில் செருகிக்கொண்டு
காசு வாங்காமல் போனார்.
அம்மா பயந்தது அப்போதுதான்.

பறுவ இரவு. கல்லடிப் பாலத்தின் நிழல்
யாருடையதோ விலாவெலும்பு போலத் தண்ணீரில் கிடந்தது.
தோணி எங்களுடையதல்ல.
பூட்டை உடைத்தது நான்.
துடுப்பின் ஒரு நுனி வாவிக்குள்,
மறு நுனி என் காதோடு.

மீன் பாடுகிறதென்று சொல்லித்தான்
சுற்றுலா வருகிறவர்களைத் தோணியில் ஏற்றுகிறார்கள்.
மீன் பாடவில்லை.
கீழே ஒருத்தி எண்ணிக்கொண்டிருந்தாள்.
நூற்றிப் பதினேழு. நூற்றிப் பதினெட்டு.
எண்ணுவதை நிறுத்தி,
"ஆரு புள்ள, துடுப்பப் புடிச்சிரிக்கிற?" என்றாள்.

துடுப்பு நீண்டது.
கிணற்றுக் கயிற்றில் இறங்குவது போல இறங்கினேன்.

முகம் இருக்க வேண்டிய இடத்தில் நிலா அசைந்தது அவளுக்கு.
கூந்தல் முழுக்கச் சாதாளை.
முடிக்கு ஒரு ஊரி முடிந்திருந்தாள்,
ஊரிக்கு ஒரு குரல்.
"ஒண்டத்தான் திறக்கலாம்.
பிழைச்சா ஒன்ட குரலும் எனக்கு."

ஒவ்வொன்றாய்க் காதில் வைத்தேன்.
பிள்ளையைத் தூங்கவைக்கும் ஒரு தாய்.
"வாறன், வாறன், பாலத்துக்குக் கிட்ட வந்திட்டன்" என்று
போனில் சொல்லிக்கொண்டே இருக்கும் ஒருவன்.
பிறகு, அச்சு அசல் தம்பியின் குரலில்,
"அக்கா, என்னைக் கூட்டிப் போ" என்று அழும் ஒரு வெள்ளை ஊரி.

கை நீண்டுவிட்டது.
விரலை மடக்கிக்கொண்டேன்.
பதினைந்து வருஷத்தில் அவன் என்னை
ஒருநாளும் அக்கா என்றதில்லை.

அவளுடைய காதுக்குப் பின்னால்,
சேறு அப்பி, வாய் கோணி, ஒரு சின்ன ஊரி.
உடைகிற குரல்:
"எருமை, என்ட சார்ஜர எங்க வெச்ச?"
தண்ணீருக்குள் சிரித்தேன்.
என் சிரிப்பு குமிழிகளாய் மேலே போனது.

"திறந்த ஊரி வெறுமையாக் கிடக்கப்படா.
ஒன்ட பேர வெச்சிட்டுப் போ."
"முதலே சொல்லல்லயே நீ."
"நீ கேக்கல்லயே."

பெயர்தானே என்று நினைத்தேன்.

இப்போது வகுப்பில் இடாப்புக் கூப்பிடும்போது
என் வரிக்கு வந்ததும் டீச்சர் இருமுகிறா.
தாளில் உப்புத்தண்ணீர் தெறிக்கிறது.
அடையாள அட்டையில் அந்த எழுத்துகள் மட்டும் ஊறிப்போய்விட்டன.
சோறு போட்டுவிட்டு என்னைக் கூப்பிட வாயைத் திறக்கும் அம்மா
அப்படியே நிற்கிறாள்,
பிறகு சேலைத் தலைப்பால் உதட்டைத் துடைக்கிறாள்.

கேதுஷன் மூன்று நாள் குளியலறைக்குள் முயன்றான்.
வாளி நிரம்பியது.
நாலாம் நாள் தேத்தண்ணியை நீட்டி,
என்னைப் பார்த்து, "மறுகா" என்றான்.
பிறகு, அடுத்தது, இன்னும் கதை இருக்கு:
எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் அந்தச் சொல்தான்.
வீட்டில் இப்போது நான் மறுகா.

ஆனால் பறுவத்துக்குப் பறுவம்
படுக்கைக்குக் கீழே, சீமெந்துக்குக் கீழே, மணலுக்குக் கீழே
ஒருத்தி எண்ணுவதை நிறுத்திவிட்டுக் கூப்பிடுகிறாள்.
முழுப் பெயர். ஒரு எழுத்தும் பிசகாமல்.
உலகத்தில் என்னைச் சரியாகக் கூப்பிட
அவள் ஒருத்திதான் மிச்சம்.

நான் இன்னும்
"ம்" சொல்லவில்லை.