செம்புக்குப் பூஜ்யம்

மெக்சிகோ நகரின் வடக்கு மேட்டில், குவாட்டெபெக்கில்,
மூன்றாம் முறையாக
என் வோச்சோவின் வயிற்றைத் திறந்தாள் எரெந்திரா.
காற்றில் ஆறும் எஞ்சின்.
ஒழுகத் தண்ணீர் இல்லை; எண்ணெய் ஒழுகுகிறது.

"பழைய கேஸ்கட்டையே போட்டுவிடேன்,
நன்றாகத்தானே இருக்கிறது."
பிளேடால் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.
காகிதம் கருகின அப்பளமாய் உதிர்ந்தது.
"இது ஒருமுறைதான் நசுங்கும், நிக்கானோர்."

செம்பு வாஷர்களை மட்டும் வீசவில்லை.
கம்பியில் கோத்து, சிவக்கச் சுட்டு,
தண்ணீரில் போட்டாள். சுர்ர்.
விரலால் வளைத்துக் காட்டினாள்: வெண்ணெய்.

எஃகென்றால் இறுகியிருக்கும்.

பில்லில் செம்புக்குப் பூஜ்யம்,
காகிதத்துக்கு நாற்பது பேசோ.
பேரம் பேச வாய் திறந்தேன்;
டார்ச்சை அவள் இன்னும் அணைக்கவில்லை.

காலையில் வண்டிக்கடியில் விரித்த அட்டையை
இழுத்துப் பார்த்தேன்.
ஒரு சொட்டு.

மடித்து ஒளித்துவிட்டு
முதல் சவாரிக்குக் கிளம்பினேன்.