நீலம் வந்தால் குற்றம்

எமரால்டில் சாலை சரிந்து இருபது நாள்.
அக்கரை மீன் சாப்பாட்டுக் கடைக்கு
இப்போது படகுதான் வழி.
என் பையில் ஒரு மொட்டைக் கடிதம்,
சோதனைத் தாள்கள், சிறு புட்டியில் திரவம்,
மாதிரி எடுக்க நான்கு ஜாடி, அரக்கு,
மேலதிகாரி சொல்லி அனுப்பிய ஒரு வாக்கியம்:
"கடலே இல்லாத ஊர்ல கடல்மீன். நல்லா பாரும்மா."

பெள்ளியின் படகில் உட்காரப் பலகை இல்லை.
தெர்மாகோல் பெட்டி ஒன்று இருந்தது, மேலே சாக்கு.
உட்கார்ந்தேன்.
பாதி ஏரியில்தான் கேட்டேன், உள்ளே என்னவென்று.
"உங்க கேசுதான் மேடம்."

எனக்குக் கீழே ஐந்து கிலோ ஊளி, இரண்டு கிலோ சங்கரா.
தூத்துக்குடியில் ஒருமுறை படகேறி
லாரியில் உக்கடம் வந்து
மேட்டுப்பாளையத்தில் பஸ் மாறி
கொண்டை ஊசி வளைவெல்லாம் ஐஸ் குலுங்க ஏறி
இதோ மறுபடியும் படகில்.
அடியில் தண்ணீர் தட்டுவது அவற்றுக்குத் தெரியுமா
என்றெல்லாம் ஓர் அதிகாரி யோசிக்கக் கூடாது.
குளிர் சாக்கைத் தாண்டி, சேலையைத் தாண்டி வந்தது.
முதல் குறிப்பு எழுதினேன்:
ஐஸ் போதுமான அளவு.

கிளாடிஸ் மச்சாடோ கரையில் நின்றார்,
ஸ்வெட்டருக்கு மேல் சமையல் துணி கட்டி.
ஆறு மேசை. ஆறும் துடைத்த ஈரத்தோடு.
ஆள் இல்லை.
சுவரில் கரும்பலகை:
ஊளி குழம்பு, சங்கரா வறுவல், சோறு.
குழம்பில் இருந்த ழகரத்துக்கு வால் நீளம்;
வறுவலின் தலையில் போய் இடித்தது.

பையிலிருந்து கடிதத்தை நான் எடுக்கவில்லை.
மூன்று நாளாய்ப் பார்த்த எழுத்து.
'பழைய மீனை அழகாய் விற்கிறார்கள்.'
இரண்டு ழகரம். இரண்டும்
இப்படித்தான் வால் நீட்டிக் கீழ்வரியில் படுத்திருக்கும்.

சோதனை எளிது.
மீன்மேல் தாளைத் தேய்த்து, ஒரு சொட்டு விட்டு, மூன்று நிமிடம்.
மஞ்சளிலேயே நின்றால் நல்ல மீன்.
நீலம் வந்தால் பார்மலின்,
நீலம் வந்தால் குற்றம், நீலம் வந்தால் பூட்டு.

அந்த நேரம் பார்த்து மேகம் விலகியது.
ஏரி நீலம். எதிர்ச்சரிவு நீலம்.
மலைக்குப் பெயரே அதுதான்.
போதாததற்கு அவர் ஸ்வெட்டரும்.
தாளை எந்தப் பக்கம் திருப்பினாலும்
ஏதோ ஒரு நீலம் வந்து விழுந்தது.
கடைசியில் அடுப்படிக்குள் போய்
குண்டு பல்புக்குக் கீழே பிடித்துக் காத்திருந்தோம்,
இரண்டு பெண்கள், ஒரு தாள்.
குக்கர் ஏழாவது விசில் அடித்தது.
"இந்த உயரத்துல சோறு மெதுவாத்தான் வேகும் மேடம்."

மூன்று நிமிடம். சந்தேகத்துக்கு இன்னும் ஒன்று.
மஞ்சள்.

"சர்டிபிகேட் ஏதாவது தருவீங்களா, பிரேம் போட்டு மாட்ட?"
கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.
நான் ஜாடிக்கு அரக்கு வைத்துக்கொண்டிருந்தேன்.
"ரோடு சரியாக இன்னும் ரெண்டு மாசமாம்,"
என்றார், யாரும் கேட்காமலே.

மாதிரிக்கு விலை கொடுத்தாக வேண்டும், அது சட்டம்.
சாப்பாட்டுக்கும் கொடுத்தேன், பெள்ளிக்கும் சேர்த்து
முந்நூற்று அறுபது.
புளி கொஞ்சம் தூக்கல்.
ஊளி, தொட்டதும் முள்ளைவிட்டு விலகியது.
வாசல் தாண்டி ஏரிவரை கேட்டது
அவர் இரண்டாம் முறை சோறு போட வந்த செருப்புச் சத்தம்.

திரும்பும்போது பெட்டி காலி.
ஒவ்வொரு துடுப்புக்கும் என்னோடு சேர்ந்து நகர்ந்தது.
மடியில் வைத்து அறிக்கையை நிரப்பினேன்.
புகார் அளித்தவர்: அடையாளம் காண இயலவில்லை.

தபால் பெட்டி இக்கரையில்தான் இருக்கிறது,
படகும் ஒன்றுதான்
என்பது கரை நெருங்கும்போது உறைத்தது.
பெள்ளி என்னைப் பார்க்காமல், தண்ணீரைப் பார்த்துக் கேட்டார்:
"இனி லெட்டர் போட்டா
எத்தனை நாள்ல வருவீங்க மேடம்?"