நரி முகம்

முப்பது நாள். சம்பளம் கிடையாது.
முடிவில் சான்றிதழ் உண்டு.
மதியம் தயிர்சாதம் உண்டு,
நான் கட்டிக்கொண்டு போனால்.

கோரிமேட்டில் இறங்கி ஷேர் ஆட்டோ.
"குரும்பப்பட்டி ஜூவா? சுத்திப் பாக்கவா?"
முதல் நாள் "வேலைக்கு" என்றேன்.
நாலாம் நாளிலிருந்து "படிக்க" என்றேன்.
அவருக்கு இரண்டும் ஒரே இருபது ரூபாய்.

எனக்குக் கொடுத்தது பதினோராம் கூண்டு.
வங்காநரி. பெண். வயது தெரியாது.
வாழப்பாடிப் பக்கம் ஏதோ ஊரில்
காணும் பொங்கலுக்கு வலைபோட்டுப் பிடித்து
வாயைக் கட்டி, மாலை போட்டு,
தெருத்தெருவாகக் காட்டினார்களாம்.
நரி முகத்தில் முழித்தால் மழை வரும்,
மழை வந்தால் மற்றதெல்லாம் வரும்.
மாலையைக் கழற்றி இங்கே கொண்டுவந்தது வனத்துறை.
மூக்குத்தண்டின் மேல் நூல் அகலத்துக்கு
இன்னும் முடி முளைக்கவில்லை.

படிவத்தில் ஆறு கட்டம்:
உண்ணுதல், உறங்குதல், உடல் நக்குதல்,
உலாவுதல், வேலியோரம் ஓயாமல் நடத்தல்,
பார்வையில் இல்லை.
ஐந்து நிமிடத்துக்கு ஒரு டிக்.

முதல் வாரம் முழுக்க ஆறாவது கட்டம்தான்.
சிமெண்ட் குழாய்க்குள் போனால் போனதுதான்.
சேர்வராயன் மலையில் மேகம் இறங்கி
ஏறி, மறுபடி இறங்கியது.
அதற்குக் கட்டம் இல்லை.
"ஒண்ணுமே தெரியல மேடம்" என்று போன் செய்தேன்.
"அதுவும் டேட்டாதாம்மா" என்றார் துறைத்தலைவர்.
பின்னால் குக்கர் விசில் அடித்தது.

கோகிலவாணி ஏழு மணிக்கே வந்திருப்பாள்.
காண்ட்ராக்ட். சட்டை முதுகில் கம்பெனி பெயர்,
அவள் பெயர் எந்தப் பக்கமும் இல்லை.
கன்னங்குறிச்சிப் பள்ளியில் பக்கத்து செக்ஷன்.
அவள் வரைந்த தவளை இதயம்
எங்கள் வகுப்புவரை கைமாறி வந்திருக்கிறது.
"நீயா?" என்றாள்.
"நீயா?" என்றேன்.
அன்றைக்கு அதற்குமேல் ஓடவில்லை.

அவள் வாளி சத்தம் கேட்டால்
குழாயிலிருந்து ஒரு காது வெளியே வரும்.
காதுக்கு எந்தக் கட்டத்தில் டிக் போடுவது?
ஓரத்தில் எழுதிவைத்தேன்: 7.40, காது.

இருபத்திரண்டாம் நாள்
அலுவலகச் சுவரில் தாள் ஒட்டினார்கள்.
விலங்குக் காப்பாளர், ஒரு இடம்.
அனுபவச் சான்று இணைக்கவும். வெள்ளி கடைசி.
இருவரும் ஒரே நேரத்தில் நின்று படித்தோம்.
"பேனா இருக்கா?" என்றாள்.
டிக் போடும் பேனாவைக் கொடுத்தேன்.
பெயர், தகப்பனார் பெயர், சாதி, முகவரி
எல்லாம் மளமளவென்று போனது.
அனுபவம் என்ற இடத்தில்
பேனா அப்படியே நின்றது.

ஐந்து வருஷம். மூன்று கம்பெனி மாறிவிட்டது.
முதல் கம்பெனிக்கு இப்போது போர்டே இல்லை.
இரண்டாவது போனை எடுப்பதில்லை.
மூன்றாவது, "எழுதிக் குடுத்தா பி.எஃப். கேப்பீங்க" என்கிறது.
ஐந்து வருஷம்,
பார்வையில் இல்லை.

என் முப்பது நாளுக்கு முன்கூட்டியே தாள் வந்தது,
கோபுர முத்திரையோடு, வழுவழுவென்று.
அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு
கூண்டுக்கு முன்னால் நின்ற காலையில்தான்
நரி முழுசாக வெளியே வந்தது.
நேராகப் பார்த்தது.
சத்தியமாக, நெஞ்சு ஒரு தட்டு தட்டியது.
நரி முகத்தில் முழித்துவிட்டேன், இனி என்ன குறை?

திரும்பிப் பார்த்தேன்.
எனக்குப் பின்னால் வாளியோடு அவள்.

வெள்ளிக்கிழமை விண்ணப்பத்தைக் கொடுத்தேன்.
கொடுக்கவில்லை என்று எழுதத்தான் ஆசை.
அவளும் கொடுத்தாள்.
அனுபவம் என்ற இடத்தில்
என் பேனாவால் எழுதியிருந்தாள்:
"நரியைக் கேட்கவும்."

பேனாவைத் திருப்பித் தந்தாள்.
மூடி மட்டும் அவளிடமே தங்கிவிட்டது.