சீசனுக்குப் பூக்காதது

ஏழாம் நம்பர் மலையில்
கான் தெற்கே திரும்புகிற முடக்கில்
பாசி பிடித்த கல்லுக்குக் கீழே
அது இருந்தது.
கத்தரிப்பூ நிறம் என்றால் பாதிதான் சரி.
வெயில் பட்டால் வெளிறும்,
மழை இருட்டில் மை போலக் கனக்கும்.
ஐந்து இதழ். கீழ் இதழில் மட்டும்
பேனா எழுதுகிறதா என்று
யாரோ கிறுக்கிப் பார்த்த கோடுகள்.
முதுகில் ஒரு சின்னப் பை,
தேன் அதற்குள்.
கழுத்தை வளைத்து நிலத்தையே பார்க்கும்.
உட்கார்ந்தால்தான் முகம் தெரியும்.

துரைசானி உட்கார்ந்து பார்த்தாள்.

ஏப்ரல் சீசனுக்கு
நுவரெலியாப் பூக்காட்சியில்
காட்டு வயலட் ஒரு தொட்டி வைக்க வேண்டுமாம்.
"செய்யலாம்தானே, லூர்து?"
இருபத்திரண்டு வருஷமாய்
பெட்டூனியாவும் டேலியாவும்
நான் சொன்ன கிழமையில் பூத்திருக்கின்றன.
செய்யலாம் என்றேன்.

முதல் தொட்டிக்கு
அம்பேவெல மாட்டுச் சாணமும்
கொழுந்துக்குப் போடுகிற உரத்தில் ஒரு பிடியும்.
இலை கோவா மாதிரிப் பெருத்தது.
பூ என்ற பேச்சே இல்லை.

இரண்டாவது தொட்டியை
காலை வெயிலில் வைத்தேன்.
மூன்றாம் நாள்
இதய வடிவத்து இலைகள்
பீடி சுற்றிய மாதிரிச் சுருண்டன.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை
கான் வெட்டுகிற சவரியானிடம் கேட்டேன்.
அவன் யோசிக்கவே இல்லை.
"கானையும் கொண்டு போ."

கொண்டுபோனேன்.
அந்த மண், அந்தக் கல், கல்லின் பாசி,
மட்கிய கிரவேலியா இலை இரண்டு சாக்கு.
நிழல் முக்கால், வெளிச்சம் கால்.
தண்ணீர் வழிய வேண்டும், நிற்கக் கூடாது.
பனி கரிக்கும் இரவுகளில்
என் பழைய கம்பளித் துண்டு.
உரம் ஒரு குருணைகூட இல்லை.
மாசியில் மண்ணோடு தவழ்ந்து
ஒரு தண்டு ஓடியது,
ஓடிய இடத்தில் வேர் ஊன்றியது.
பங்குனியில் மொட்டுகள்.
எண்ணினேன்: பதினேழு.
துரைசானிக்குச் சொல்லியும்விட்டேன்.

பதினேழும் திறக்கவில்லை.

லொறியில் ஏற்றி,
வளைவுக்கு வளைவு மடியில் அணைத்து,
பட்டிப்பொலப் பனியைத் தாண்டிக் கொண்டுபோய்
மேசையில் வைத்தோம்.
பென்சில் வைத்திருந்த நடுவர்
குனிந்து பார்த்தார்.
"பூ எங்கே?"
இலைச்செடி வரிசைக்கு மாற்றினார்கள்.
அங்கே ஒரு பிகோனியாவிடம் தோற்றது.
திரும்பும் வழியில்
துரைசானி வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.
தொட்டியை
உரக்கொட்டில் பின்னால் வைக்கச் சொன்னாள்.

வைகாசி மழையில்
ஒரு மொட்டை நகத்தால் கீறினேன்.
உள்ளே இதழ் இல்லை,
தேன் பை இல்லை, கோடுகள் இல்லை.
வெள்ளை வெள்ளையாய்
விதைகள் அடுக்கி இருந்தன.
வண்டும் வராமல், கதவும் திறக்காமல்,
நான் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்த நாட்களில்
அது தன் வேலையை முடித்திருக்கிறது.
எனக்குச் சிரிப்பு வந்தது.
கொஞ்சம் கோபமும்.

முற்றிய காய்களைப் பறித்து
பழைய பேப்பரில் போட்டு
என் அறை மேசையில் வைத்தேன்.
நடுச்சாமத்தில் டிக் என்றது.
கொஞ்சம் பொறுத்து இன்னொரு டிக்,
இந்த முறை தேத்தண்ணி டம்ளரில்.
விளக்கைப் போட்டேன்.
காய்கள் மூன்றாய்ப் பிளந்து கிடந்தன.
ஓடு உலர உலர விளிம்பு நெருங்கி
விரலிடுக்கிலிருந்து சோப்புக்கட்டி நழுவுகிற மாதிரி
விதையைப் பிதுக்கி எறிகிறது.
கட்டிலுக்கடியில், செருப்புக்குள்,
ஒன்று என் காதோரம்.
ஒவ்வொன்றின் நுனியிலும்
கடுகளவு கொழுப்பு.
விடிவதற்குள் எறும்புகள்
வரிசை கட்டி
கதவிடுக்கால் தூக்கிப் போயின.
நான் தடுக்கவில்லை. எத்தனையைத் தடுப்பது?

இப்போது
பங்களாவின் முன்படிக்கட்டில்,
சிமெந்து வெடித்த மூன்றாம் படியில்,
நிழல் முக்கால், வெளிச்சம் கால்,
தண்ணீர் வழிகிறது, நிற்பதில்லை.
யாரும் கொண்டுபோகாத இடத்தில்
இதயம் இதயமாய்ப் பதினோரு இலை.

படியில் களை பிடுங்குவது
என் திங்கட்கிழமை வேலை.
துரைசானி செருப்பு நுனியால் காட்டினாள்.
"இது என்ன களை, லூர்து?"

பேர் தெரியாது என்றேன்.