மிச்சக் கரண்ட்

தடைக்காலத்தின் நாற்பத்து மூன்றாம் நாள்.
மூக்கையூர்க் கரையில் விசைப்படகுகள்
வயிறு காட்டிக் கிடக்கின்றன.
கச்சான் காற்று காதுக்குள் மணல் போடுகிறது.

லைன் கரண்ட் இதுவரை வராது.
வருவது ரெமிஜியுஸின் வெல்டிங் இன்ஜின் மட்டும்,
ரெண்டு சக்கரத்தில், டிராக்டருக்குப் பின்னால்.
அதன் நெற்றியில் தடித்த முனை ரெண்டு:
ஒன்றில் ஹோல்டர், ஒன்றில் கிளாம்ப்.
அது அவனுக்கு.
விலாவில் ஒரு பிளக் ஓட்டை.
மூன்று கிலோவாட் என்ற எழுத்தைத் துரு பாதி தின்றுவிட்டது.
அது எனக்கு,
அவன் நெருப்பு எடுத்தது போக மிச்சம்.

அவன் படகுக்கு உள்ளே, நான் வெளியே,
நடுவில் ஆறு மில்லிமீட்டர் தகடு.
அவன் ராடு உரசிப் பற்றும் நொடியில்
என் கிரைண்டரின் குரல் ஒரு படி இறங்கும்.
நான் கொஞ்சம் அழுத்தினால்
அவன் நெருப்பு சுருங்கும்.
'டேய்' என்று தகட்டில் சுத்தியல் விழும்.
அதெல்லாம் பேசிக்கொண்டிருந்த நாளில்.

பேச்சு நின்று பதினோரு நாள்.
ஐஸ் கம்பெனி வாசலில், பத்துப் பேர் டீ குடிக்கையில்,
"ஓம் மிசினு சுத்த ஏன் டீசலா, சந்தியாகு?" என்றான்.
சும்மா இருந்திருக்கலாம்.
அவன் பற்றவைத்த சுக்கான்
போன வருசம் நடுக்கடலில் கழன்று விழுந்த கதையை
எடுத்து மேசையில் வைத்தேன்.
டீ ஆற்றிக்கொண்டிருந்த கை அந்தரத்தில் நின்றது.

பிளக்கை அவன் பிடுங்கவில்லை.
நானும் வேறு இன்ஜினுக்குப் போகவில்லை.
(வேறு இன்ஜின் ஏர்வாடியில்.
நாள் வாடகை ஆயிரத்து இருநூறு.)

காலையில் எர்த் கம்பி காய்ந்து நிற்கும்.
உலர்ந்த மணல் எதையும் வாங்கிக்கொள்ளாது.
அவன் வருமுன்னே
ஒரு குடம் கடல்தண்ணீர் ஊற்றிவிடுவேன்.
ஊற்றுவது என் உயிருக்கும்தான்.

ராடு ஒட்டிக்கொண்டால் இன்ஜின் முக்கும்.
அவன் உதறி எடுக்கும்வரை
கிரைண்டரைத் தூக்கிப் பிடித்துக்கொள்வேன்.
இது பேச்சில் சேர்த்தி இல்லை.

நேற்று அவன் போட்ட தையல்
ஊளி மீன் செதில்போல அடுக்காக இருந்தது.
தேய்த்து மட்டம் செய்வது என் வேலை.
செய்தேன்.

இந்த இன்ஜினுக்கு ஒரு குணம்.
யாரும் எதுவும் கேட்காவிட்டால்
பன்னிரண்டு நொடியில் கண்ணயரும்.
கிரைண்டர் கூப்பிட்டால் திடுக்கிட்டு எழும்.
சின்ன டிரில் கூப்பிட்டால் அதற்குக் காதில் விழாது.
அரைத் தூக்கத்தில் அரைக் கரண்ட் தரும்.
அதில் மோட்டார் முனகிச் சூடாகும்,
செப்பு வேகும் வாடை வரும்.
ஒரு டிரில்லை அப்படித்தான் பறிகொடுத்தேன்.
தூங்கவிடாத சுவிட்ச் ஒன்று உண்டு.
டீசல் குடிக்கும் என்று
ரெமிஜியுஸ் அதை மேலே தள்ளியதே இல்லை.

இன்று மதியம்
'ஸ்டெல்லா மாரிஸ்' பெயர்ப்பலகைக்கு
நாலு ஓட்டை பாக்கி.
டிரில்லைச் சொருகினேன். முனகியது.
அந்தச் சுவிட்சைத் தொட
ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.
அந்த ஒரு வார்த்தை என்னிடம் இல்லை.

தூக்குவாளியோடு வந்தான்,
இன்ஜினை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போக.
சாவிக்கு நீண்ட கை
பாதியில் நின்றது.
என்னைப் பார்க்காமல்
புறங்கையால் சுவிட்சை மேலே தட்டிவிட்டு
கருவேல நிழலுக்கு நடந்தான்.

இன்ஜின் முழுத்தொண்டை திறந்தது.
கொசுவளவு டிரில்லுக்கு
மணிக்கு ஒன்றரை லிட்டர்,
அவன் கணக்கில்.

நாலு ஓட்டையும் போட்டேன்.
பிசிறு வழிக்கக்கூட நிற்காமல்
ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினேன்.

கரையில் சட்டென்று காற்று மட்டும்.
நிழலில் வாளி மூடி திறக்கும் சத்தம் கேட்டது.
கொஞ்ச நேரம் நின்றேன்.
மூடும் சத்தம் வரவில்லை.