பழுது பார்க்க வந்தவன்

மான்டெவிடியோவில் ஜூலை மாதக் குளிரில்
ஃபிரிட்ஜ் மெக்கானிக்கை யாரும் தேடுவதில்லை.
ஓல்கா எட்செவெரி தேடினாள்.
“ஒன்பது மணிக்குக் கச்சேரி, வால்டெர்.
பீர் பெட்டி உறுமுகிறது.
அதன் வாயை அடைத்துவிட்டுப் போ.”

பதினேழு நாற்காலிகள், ஒன்றுக்கொன்று உறவில்லாதவை.
சுவரோரம் ஈரக் குடைகள்.
மீன் பொரித்த வாசம் இன்னும் கலையவில்லை.
முட்டி போட்டுப் பின்தட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன்,
உதட்டிடுக்கில் மூன்று திருகாணி.

அசுசேனா பென்டன்கோர் செல்லோவோடு வந்தாள்.
பகலில் துறைமுகச் சுங்கத்தில் முத்திரை குத்துகிறவள்.
விரலில் ஊதா மை.
“அதைத் தொடாதீர்கள்” என்றாள்.
அடுத்த வீட்டுச் சண்டைக்குக் காது கொடுப்பதுபோல
தலை சாய்த்துப் பெட்டியைக் கேட்டாள்.
பிறகு தன் ஜி தந்தியை
ஒரு மயிரிழை ஏற்றினாள்.

அவ்வளவுதான்.
பீர் பெட்டி சுருதிப்பெட்டி ஆகிவிட்டது.

எனக்குச் சங்கீதம் தெரியாது. கம்ப்ரசர் தெரியும்.
அவள் வில் அந்த உறுமலை விட்டு மெல்ல ஏறியது,
கரன்ட் போன மாடிப்படியில்
ஒவ்வொரு படியையும் காலால் துழாவி ஏறுகிறவள்போல.
இறங்கி வந்தால்
தரை அங்கேயே இருந்தது.
திருகாணி மறந்து
எச்சில் விழுங்கப் பார்த்தேன்.

அப்போது பெட்டி நின்றது.

உள்ளே குளிர் போதுமென்றால் நிற்கும், அதன் குணம்.
வில்லும் நின்றது, தந்திக்கு ஒரு விரல் மேலே.
பல் பிடுங்கிய குழியை
நாக்கு தேடுவதுபோல
அறை முழுக்க அந்த ஸ்வரத்தைத் தேடியது.
மறுபடி ஓட நான்கு நிமிடம் ஆகும்.
அது எனக்கு மட்டுமே தெரியும்.
சொல்லவில்லை.
அவளும் கேட்கவில்லை.

தகரத்தில் மழை.
ஒருவர் இருமலை மப்ளருக்குள் புதைத்தார்.
கடற்கரைச் சாலையில் ஒரு பஸ் கியர் மாற்றிப் போனது.
ஓல்கா கையில் பாதி துடைத்த கோப்பை.
இத்தனை பேர் சேர்ந்து இப்படிக் காத்திருந்து
நான் பார்த்ததில்லை,
தங்கையின் பிரசவ அறை வாசலில்கூட.

ஓடுமுன் ரிலே ஒரு ‘டிக்’ போடும்.
கொசு கொட்டாவி விடுகிற அளவு.
தொழிலில் இல்லாதவர் காதில் விழாது.

அவள் காதில் விழுந்தது.

உறுமலும் வில்லும்
ஒரே மூச்சில் இறங்கின.

வால்டெர் அழுதான் என்று
ஓல்கா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.
பின்தட்டில் பதினோரு வருஷத் தூசி இருந்தது,
அதை அவள் சொல்வதில்லை.

பில் கேட்டாள்.
பழுது: இல்லை.
கூலி: ஒரு பீர்.

மழை விட்டிருந்தது. நடந்தே போனேன்.
அடைத்த ஷட்டருக்குப் பின்னே மருந்துக்கடைப் பெட்டி,
மூலையில் டிரான்ஸ்ஃபார்மர்,
ரொட்டிக்கடையின் மாவு அறை,
எல்லாம் அதே ஸ்வரத்தில்.

இருபத்தாறு வருஷமாக
வீடு வீடாகப் போய்
இதைத்தான் நிறுத்திக்கொண்டிருந்தேன்.